ஆலங்குடாவில் யாரும் ஏசவில்லை

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் புத்தளம் பஸ் ஏறினோம். குளிரூட்டிய பஸ், ஆளுக்கு முந்நூறு ரூபா. சாதாரண பஸ்ஸில் பாதிக் காசுதான், காற்றும் இலவசம். ஆனால் என் சிநேகிதன் முனவ்வர் இரண்டு பேருக்குமான காசை முந்திக்கொண்டு நீட்டிவிட்டான். ஓசிச் சோற்றில் உப்புக் குறை சொல்லக் கூடாது என்று நானும் யன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன். கொழும்பிலிருந்து புத்தளம் நூற்று முப்பது கிலோமீற்றர் சொச்சம். அங்கே இறங்காமல், சற்று முன்னால் பாலாவிச் சந்தியில் இறங்கி, கற்பிட்டிப் பாதையில் திரும்பி, ஆலங்குடா என்ற கடற்கரை ஊருக்குப் போவது எங்கள் திட்டம்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் வடக்கைப் பற்றி எழுது, வடக்கைப் பற்றி எழுது என்று என்னைக் குடைந்துகொண்டிருந்த காலம். கொழும்பு முழுவதும் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. யாரும் கேட்காத புத்தளக் கரைக்கு நான் போனது முனவ்வருக்காக. தனியே போக அவனுக்குப் பயம். சொந்த அக்கா வீட்டுக்குப் போக ஒரு மனிதனுக்கு என்ன பயம் என்று நீங்கள் கேட்பது நியாயம். நானும் கேட்டேன்.

முனவ்வரும் நானும் கொழும்பில் ஒரே பாடசாலை விடுதியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள். அவன் மன்னார்த் தீவு, நான் மட்டக்களப்பு. பாடசாலை வாத்தியக் குழுவில் அவன் வயலின் வாசித்தான், நான் கதிரைகளை அடுக்கினேன். பிறகு நான் கந்தோரில் இலிகிதனாகி, ஓய்வுபெற்று, இப்படிப் பயணக் கட்டுரை எழுதிக் காலம் தள்ளுகிறேன். அவன் எழுபதுகளில் பொறியியல் படிக்கப் புலமைப்பரிசில் பெற்று பிராக் நகரத்துக்குப் போனான். இரண்டாம் வருடம் பொறியியலை உதறிவிட்டு இசைக் கல்லூரியில் சேர்ந்தான். ஊரில் அவன் வாப்பா மூன்று மாதம் அவன் பெயரைச் சொல்லவில்லையாம்.

அவன் வேலை இதுதான். மேல்நாட்டு வாத்தியக் குழுவில் எண்பது, நூறு பேர் வயலினும் குழலும் முரசுமாக உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஒரு சின்ன மேடையில் நின்று கையை அசைத்து அத்தனை பேரையும் ஒன்றாக வாசிக்க வைப்பவன் இவன். "சபையில் ஒரு சத்தமும் போடாமல் கைதட்டு வாங்குகிறவன் நீ ஒருத்தன்தான்" என்று நான் சொல்லுவேன். முதலில் ஒரு சிறு நகரத்து நாடக அரங்கில் ஒத்திகைக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அங்கே வாத்தியக் குழுவை நடத்துபவர் படியில் விழுந்து காலை உடைத்துக்கொள்ள, இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு இவன் மேடை ஏறினான். அந்தக் கோட்டின் கை இவனுக்கு நீளம். விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது என்று சொல்லிச் சிரிப்பான்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் ஓட்டம். லிஸ்பன், ஹெல்சின்கி, ஒசாகா, புவெனஸ் அயர்ஸ். வாத்தியக் குழுக்களுக்கு வெளியூரிலிருந்து விருந்தாளியாக நடத்துநர்களை அழைக்கும் வழக்கம் உண்டு. திங்கட்கிழமை வந்து இறங்க வேண்டும். மூன்று நாள் ஒத்திகை, சனிக்கிழமை கச்சேரி, கையில் ஒரு பூச்செண்டு, ஞாயிறு விமான நிலையம். பிறகு அடுத்த நகரம். பிராக்கில் மணந்த மனைவி, அவளும் குழல் வாசிப்பவள், எட்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. கடைசியாக வட ஜெர்மனியில் ஒரு நகரம் நிரந்தர வேலை கொடுத்தது. போன வருடம் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், இவன் வயதில் பாதியும் இல்லாத ஒருவனை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது கருங்கடல் ஓரத்து ஊர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு வருட வேலை, ஹோட்டல் அறை, கடுங்குளிர். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சிலாபத்தில் பஸ் தேநீருக்கு நின்றபோது அவன் அதைச் சொன்னான். மீன் பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் நின்றான்.

"ஏலாது மச்சான். இனி ஏலாது. நான் ராத்தா வீட்டோட இருக்கப் போறன். இந்த முறை திரும்பிப் போறதுக்கு டிக்கெட்டே எடுக்காம வந்திருக்கிறன்."

"ராத்தாவிடம் சொல்லிட்டியா?"

"இல்ல. அதுக்குத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்."

பயம் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதன் வீடு கேட்டுப் போகிறான். இல்லை என்று சொல்லிவிட்டால் போக வேறு இடம் இல்லை.

பத்தேகாலுக்குப் பாலாவி. உப்பு வயல்களில் வானம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. உப்புக் குவியல்களைப் பின்னிய தென்னோலைக் கிடுகால் மூடியிருந்தார்கள். சந்தியில் முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர், கற்பிட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆயிரத்து இருநூறு கேட்டு ஆயிரத்துக்குச் சம்மதித்தார். வண்டியை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஆலங்குடாவில யார்ட வீடு? பழைய ஆக்களா, வந்த ஆக்களா?"

முனவ்வர் கொஞ்சம் தயங்கி, "வந்த ஆக்கள்" என்றான்.

தொண்ணூறாம் ஆண்டு, போரின் நடுவே, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் இயக்கம் துரத்தியபோது, முனவ்வரின் குடும்பம் மன்னாரிலிருந்து வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியது. அன்று ஊர் பெயர் தெரியாத கரை அது. வாப்பாவும் உம்மாவும் ஓலைக் கொட்டிலில் இருந்தபடியே மவுத்தாகிவிட்டார்கள். ராத்தா பரீதாவும் அவர் பிள்ளைகளும் அங்கேயே வேர்விட்டார்கள். போர் முடிந்த பிறகு மன்னாருக்குப் போய்ப் பார்த்தார்களாம். வீடு இருந்த இடத்தில் முள்ளுக்காடு, கிணற்றுக்குள் ஒரு மரம். திரும்பி வந்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஊரில் இன்னும் 'வந்த ஆக்கள்'. முனவ்வரோ மன்னாரில் பிறந்தவன், இந்த ஆலங்குடாவில் அவனுக்கு ஒரு மரத்தைக்கூடத் தெரியாது. இரண்டு முறை வந்திருக்கிறான். இரண்டு முறையும் கச்சேரிகளுக்கு நடுவே, கைப்பெட்டியோடு.

பாதை ஓரம் வெங்காயப் பாத்திகளில் நீர்த்தெளிப்பான்கள் சுற்றின. நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைக்கூண்டு வெகுநேரம் எங்களோடு கூடவே வந்தது. கழுதைகள் நடுவீதியில் நின்று யோசித்தன. எங்கும் மணல்.

பரீதா ராத்தா வாசலில் நின்றார். அறுபத்தைந்து இருக்கும், மெலிந்த உடம்பு, முக்காடு காற்றில் பறந்தது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, இரிங்க, இரிங்க. பயணம் சுகமா?" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். சின்ன வயதில் இவனைக் காதில் பிடித்து இழுத்துப் போய்ப் பள்ளிவாசலில் விட்ட ராத்தா என்று பஸ்ஸில் கேட்டிருந்தேன். காதைப் பிடிப்பதற்கான அறிகுறி ஒன்றும் தெரியவில்லை.

கற்சுவர், தகரக் கூரை, கிடுகு வேலி. மூன்று அறையில் காற்றாடி உள்ள ஒரே அறையை எங்களுக்குத் தந்துவிட்டு, ராத்தாவின் மகன் ரிழ்வான் மனைவியோடு கூடத்தில் பாய் போட்டான். ரிழ்வானுக்கு நாற்பது வயதிருக்கும். கரைவலை ஒன்றுக்குச் சொந்தக்காரன், அதாவது சம்மாட்டி. அவன் வலையை நம்பி முப்பது வீட்டில் அடுப்பு எரிகிறது. கட்டில் விரிப்பு கடையில் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. பகல் சோற்றுக்கு இறால் ஆணம், கோழி ஆணம், பொரித்த மீன், கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். எனக்கு விருந்தாளியாக இருப்பதில் ஒரு மனக்குறையும் கிடையாது. வட்டிலப்பம் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன். முனவ்வர் தன் பீங்கானைத் தானே கழுவ எழுந்தான். ராத்தா பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"அல்லாவே, நீங்க கழுவுறதா? ஊர் சிரிக்கும்!"

வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து வலைக்காரர்கள் ரிழ்வான் வீட்டுக்கு வந்தார்கள். சஹன் என்று ஒரு பெரிய தட்டம், அதில் நெய்ச்சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டத்தில் உண்பார்கள். ஒருவர் கை ஒருவர் கையில் இடிக்கும். இறைச்சித் துண்டுக்கு எல்லைத் தகராறு நடக்கும். முனவ்வர் பாயில் போய் உட்காரக் குனிந்தான். நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மாமா, கீழ இரிக்காதீங்க. உங்களுக்கு மேசையில வெச்சிரிக்கி."

மேசையில் இரண்டு பீங்கான் இருந்தன. அவனும் நானும் கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கீழே அவர்கள் பழைய கதை ஒன்றைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களுக்கு விளங்கவில்லை.

பின்னேரம் காற்றாட ரிழ்வான் தன் வேன் வண்டியில் எங்களைக் கண்டக்குழிக் கடற்கரை வரை கூட்டிப்போனான். வள்ளங்களுக்கும் வலைக்குவியலுக்கும் நடுவே வெளிநாட்டார் தங்கும் விடுதிகள் முளைத்திருந்தன. தண்ணீரில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் வழுக்கி ஓடும் விளையாட்டு அங்கே நடந்தது. "மாமாக்குப் பொழுது போகாட்டி இங்க கொண்டுவந்து விடுறன், வெள்ளைக்காரங்களோட கதைக்கலாம்" என்றான் ரிழ்வான். நல்ல மனத்தோடுதான் சொன்னான்.

வீடு திரும்பியதும் முனவ்வர் சொல்லிவிட்டான். சொல்லும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராத்தா, நான் இங்கேயே இருக்கப் போறன்."

"இரிங்க தம்பி. எத்தின நாள் வேணுமெண்டாலும் இரிங்க."

"நாள் கணக்கு இல்ல ராத்தா. இனித் திரும்பிப் போறதே இல்ல."

ராத்தா சிரித்தார். "உங்களுக்கு இந்த மண்ணும் வெக்கையும் ஒத்துக்கொள்ளுமா? சும்மா சொல்லாதீங்க."

ரிழ்வான், "மாமா நினைச்ச நேரம் வாங்க, நினைச்ச நேரம் போங்க. அந்த அறை உங்களுக்குத்தான்" என்றான். மறுக்கவில்லை, நம்பவும் இல்லை. வந்தவர் மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை என்று எடுத்துக்கொண்டு, மரியாதையாகவே பதில் சொன்னார்கள்.  ஆனால் முனவ்வர் தீர்மானத்தை விடவில்லை.

"நாளைக்கு நானும் கயிறு இழுக்கப் போறன் மச்சான்" என்றான் என்னிடம். "வேலை செய்யிறவனை யாரும் விருந்தாளியெண்டு சொல்ல மாட்டாங்க."

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கரைக்குப் போனோம். வாடைக்காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசியது. கடல் ஈயத் தகடு போலக் கிடந்தது. முனவ்வர் வெள்ளை நீளக்கைச் சட்டையை முழங்கைக்கு மடித்துக்கொண்டு கயிற்றைப் பிடிக்கப் போனான். விடவில்லை. "கை கிழிஞ்சிரும் மாமா. மேட்டில தாஹிரோட போய் நில்லுங்க, அங்கேருந்து எல்லாம் வடிவாத் தெரியும்" என்றான் ரிழ்வான். தாஹிர் ரிழ்வானின் தங்கை மாப்பிள்ளை, கரைவலையில் கை காட்டுகிறவர்.

கரைவலை எப்படிப் போடுகிறார்கள் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். வலைக் கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்பவர்களிடம் இருக்கும். வலையை ஏற்றிய வள்ளம் கடலுக்குள் வளைந்து போகும். வள்ளத்தில் இருப்பவர்கள் நீர்மட்டத்தில் இருப்பதால் மீன் கூட்டம் அவர்கள் கண்ணில் படாது. மணல் மேட்டில் நிற்பவருக்குத்தான் தண்ணீருக்குள் கறுப்பாக ஒன்று நகர்வது தெரியும். அவர் ஒரு கையால் இடம், வலம் காட்டுவார். இரண்டு கையையும் உயர்த்தி விரித்தால், வலையை விடு என்று அர்த்தம். அந்தத் தூரத்துக்குக் குரல் எட்டாது. கைத்தொலைபேசி இருக்கிறதே என்று கேட்டேன். "துடுப்புப் பிடிச்ச கையால போனை எங்க பிடிக்கிற?" என்றார் தாஹிர்.

வள்ளம் வெகுதூரம் போய்விட்டது. மீன் கூட்டம் வடக்கே இன்னும் ஒதுங்கியே நின்றது. தாஹிர் கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்தபடியே இருந்தார். பக்கத்தில் நிற்கும் பெரிய மனிதரோடு ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது மரியாதையில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

"மாமா, அங்க நீங்க என்ன வேல செய்யிற? சும்மா கேக்கிறன்."

இரண்டு நாளில் இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, வெக்கையா என்றுதான் கேட்டார்கள். முனவ்வரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"நூறு பேர் என்ட கையப் பார்த்துக்கொண்டு இருப்பாங்க தம்பி. ஒருத்தரும் மூச்சு விட மாட்டாங்க. நான் இப்படி..."

கையை உயர்த்தினான். முதலில் மெல்ல, தண்ணீருக்குள்ளிருந்து எதையோ தூக்குவது போல. பிறகு இரண்டு கையும் தோளுக்கு மேல் எழுந்து அகலமாக விரிந்தன. அவன் தன் தொழிலைச் செய்வதை நான் என் வாழ்க்கையில் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கண்களை மூடியிருந்தான். அழகாக இருந்தது. உள்ளபடி சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"யா அல்லாஹ்!" என்று தாஹிர் அலறினார்.

கடலில் வள்ளத்துக்காரர்கள் மேட்டில் வெள்ளைச் சட்டையோடு உயர்ந்து விரிந்த கைகளைக் கண்டு வலையை விட்டுவிட்டார்கள். தாஹிர் குறுக்கே கையை ஆட்டினார், கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து வீசாத குறையாக ஆட்டினார். நீரில் விழுந்த வலையை எப்படித் திரும்ப எடுப்பது? மீன் கூட்டம் சத்தம் கேட்டு ஆழத்துக்குத் திரும்பியது. விழுந்த இடத்தில் அடியில் கற்பாறை. இழுத்தபோது வலை சிக்கியது. முப்பது பேர் ஒன்பதரை மணி வரை இழுத்து, கிழிந்த வலையும் ஒரு கூடை சில்லறை மீனுமாகக் கரையேற்றினார்கள்.

முனவ்வர் மேட்டிலிருந்து இறங்கி ஓடினான். நானும் பின்னால் மணலில் புதைந்து புதைந்து போனேன். நல்ல ஏச்சு விழப் போகிறது என்று நினைத்தேன். மீன்காரர்களின் வாய் எனக்குப் புதிதல்ல. ஆனால் அவர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்தார்கள்.

"பரவாயில்ல மாமா."

"நஸீபு, எழுதினது அவ்வளவுதான். நீங்க என்ன செய்ய?"

"நாளைக்கு அல்லாஹ் தருவான். மாமா, வெயில்ல நிக்காதீங்க."

எங்கிருந்தோ பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிவந்து மணலில் போட்டார்கள். ஒருவர் பிளேன்டீ கொண்டுவந்தார். அவன் கிழிந்த வலையை மடிக்கக் கை வைத்தான், விடவில்லை. கதிரையில் உட்கார வைத்துவிட்டு அவர்கள் வேலையைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கு நடுவே, கடலைப் பார்த்தபடி, கையில் தேநீரோடு அவன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்குப் பின்புறம் சத்தம் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் தென்னை நிழலில் ரிழ்வானும் தாஹிரும்.

"கண்ணு எங்க இரிந்திச்சி உனக்கு? மேட்டில நிப்பாட்டினது கதைக்கிறத்துக்கா? மாடு! முப்பது வீட்டு அடுப்பில தண்ணிய ஊத்திட்டியே!"

"நான் என்ன செய்ய மச்சான், உன்ட மாமா தானே..."

"மாமாட பேர எடுக்காத! அவர் என்னத்தக் கண்டாரு? நீ ஒரு மனிசனா? உன்ன நம்பி வலைய விட்டன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்!"

பத்து நிமிடம் இப்படி நடந்தது. வீட்டுக்குள் முனவ்வர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சத்தம் ஓய்ந்தது. எட்டிப் பார்த்தேன். இருவரும் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் புகைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் வலையின் கிழிசலைத் தைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

முனவ்வர் எழுந்து பின்புறம் போனான்.

"ரிழ்வான், பிழை செஞ்சது நான். தாஹிர் இல்ல. ஏசுறதெண்டா என்னை ஏசு."

ரிழ்வான் பதறி எழுந்தான். சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"அதெப்படி மாமா? அப்படிச் சொல்லாதீங்க."

"நான் சொல்றன். ஏசு. மாடெண்டு சொல்லு."

"சீச்சீ." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதெப்படி மாமா ஏசுற? நீங்க வந்தவங்க."

சொல்லிவிட்டு அவனே ஒரு கணம் திகைத்து நின்றான். அந்தச் சொல்லை வேறு யார் யாரோ சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் அவன். தாஹிர் வலைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். முனவ்வர் அவன் தோளில் மெல்லத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். பெட்டியைத் திறந்து சட்டைகளை மடிக்கத் தொடங்கினான். முப்பது வருடம் பெட்டி கட்டிய கை, கண் பாராமலே மடித்தது.  

ஞாயிறு காலை எட்டு மணிக்கு முச்சக்கரவண்டி வந்தது. ராத்தா கருவாட்டுப் பொதி ஒன்று, வெங்காயம் ஒரு பை, போத்தலில் எலுமிச்சை ஊறுகாய் என்று கட்டி வைத்திருந்தார். முனவ்வர் உள்ளே எல்லோருக்கும் ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, வேலியோரம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவருக்கு எங்கள்ல மனக்கசப்பா?"

"அவனுக்கு இங்கேயே இருக்க ஆசை ராத்தா. நீங்கள் விருந்தாளி மாதிரி வைத்திருந்தது அவனுக்கு ஒட்டவில்லை. நேற்று அந்தப் பிழைக்கு நாலு வார்த்தை ஏசியிருந்தால் இருந்திருப்பான்."

ராத்தா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"எப்படித் தம்பி ஏசுற? எல்லாரும் போனாங்க. வாப்பா, உம்மா, வீடு, ஊர். மிஞ்சினது இந்த ஒருத்தர். ஏசினா இனி வராமப் போயிருவாரெண்டு பயம். வந்த நேரத்திலேருந்து பிள்ளைகளுக்கு அதத்தான் சொல்லிச் சொல்லி வெச்சன். ஒரு குறையும் வரப்படாது, ஒரு சொல்லு சொல்லப்படாதெண்டு."

"இதை அவனிடமே சொல்லுங்களேன்."

"எந்த வாயால சொல்ல?" என்றார். அதற்குள் முனவ்வர் வெளியே வந்துவிட்டான். அவர் சிரித்த முகத்தோடு அவன் தலையைத் தடவி, "சுகமாப் போயிட்டு வாங்க தம்பி" என்றார்.

பாலாவிச் சந்தியில் கொழும்பு பஸ்கள் நிரம்பி வருமென்பதால் புத்தளம் வரை போய் ஏறினோம். பத்தரைக்குத்தான் பஸ். நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடை. ராத்தா சொன்னதை ஒரு சொல் குறையாமல் அவனிடம் சொன்னேன். நண்பன் என்றால் அதைச் செய்யத்தானே வேண்டும். சொன்னால் திரும்பி விடுவான் என்றும் நினைத்தேன். திரும்பிப் போக வண்டிக்கூலி ஆயிரம் சொச்சம்தான், நானே கொடுத்திருப்பேன்.

அவன் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"ராத்தா பயப்படுறா. நான் போனா, திரும்பி வருவனெண்டு நிம்மதியா இருப்பா. இருந்தா, அந்தப் பயத்தோடயே எனக்குச் சோறு போடுவா, சாகும் வரைக்கும். அது அவவுக்கும் பாரம், எனக்கும் பாரம்." கோப்பையைக் கீழே வைத்தான். "ஜெர்மனியில என்னை வேலையால நிப்பாட்டின நாள் ஒருத்தர் ஒரு வார்த்தை கடுமையாச் சொல்லேல்ல மச்சான். எழுந்து நின்று கைதட்டினாங்க. பூச்செண்டு குடுத்தாங்க. முப்பது வருசமா எல்லா ஊரிலயும் என்னை மரியாதையாத்தான் அனுப்பி வைச்சிருக்கிறாங்க."

தொலைபேசியை எடுத்தான். நிலையத்தில் சிக்னல் நன்றாக இருந்தது. கருங்கடல் ஊருக்கு வருகிறேன் என்று பதில் எழுதி அனுப்பினான். பிறகு பஸ்ஸில் ஏறினோம். இம்முறை சாதாரண பஸ். உப்பு வயல்களைத் தாண்டும்வரை அவன் யன்னல் பக்கம் திரும்பவில்லை.

புத்தளக் கரைக்குப் போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், மாசி மாதம் நல்ல காலம். கடல் அடங்கியிருக்கும், மீன் மலிவு, மக்கள் உபசாரத்தில் குறை வைக்க மாட்டார்கள். எனக்கு அந்த உபசாரம் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

முனவ்வர் அந்த வாரக் கடைசியில் விமானம் ஏறினான். கருவாட்டைக் கொண்டுபோக முடியாது என்று என் பையில் திணித்துவிட்டான். நான் அதை மறந்து, பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். அவன் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து தொலைபேசி எடுத்த நேரம், வெள்ளவத்தை வீட்டில் என் மனைவி அந்தப் பையைக் கண்டுபிடித்திருந்தாள்.

"ஊர் சுத்தப் போய் வீட்டைப் பிணக்கிடங்காக்கி வைச்சிருக்கிறீங்களே, உங்களுக்கு மூக்கு இருக்கோ இல்லையோ? மூண்டு நாளா எலி செத்துப்போச்செண்டு அலுமாரியெல்லாம் இழுத்துப் பார்த்தனே! கட்டில் முழுக்க மணல்! வயது போனால் போதுமோ, புத்தி வேண்டாமோ?"

நான் தொலைபேசி வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, அவள் குரலை மறைத்துக்கொண்டு, "மச்சான், பிறகு எடுக்கிறன்" என்றேன்.

"யார் அது? வீட்டிலயா?"

"ஓம். உன்ட கருவாடு."

 அந்தப் பக்கம் விமான நிலைய அறிவிப்பு ஒன்று கேட்டு ஓய்ந்தது.

"வைக்காத மச்சான்" என்றான். "கையை எடு. கொஞ்சம் கேக்கட்டும்."

நான் கையை எடுத்துவிட்டு, தொலைபேசியை அவள் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.